பெரிய நகரத்தில் குடியிருக்க எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை மாற்றத்தால் பழக்கமில்லாத ஒரு பெரிய நகரத்துக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். அலுவலகத்திலிருந்து 25 நிமிடத்தில் ஒரு சிறிய அடுக்குமாடி வீடு கிடைக்கிறது. அதே வாடகைக்கு நகரத்தின் விளிம்பில், 75 நிமிடப் பயணத்தில், இரண்டு மடங்கு பெரிய வீடும் கிடைக்கிறது. மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். மகளுக்கு 9 வயது. அப்பா எழுபதைத் தாண்டியவர், வண்டி ஓட்டுவதில்லை. விசாரித்தால் ஒருவர் "அருமையான ஏரியா" என்று சொல்வதையே இன்னொருவர் "அங்கே மட்டும் போகாதீர்கள்" என்கிறார். எதை நம்பி முடிவெடுப்பது, பேசாமல் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

"எது நல்ல ஏரியா" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வருவதில் ஆச்சரியம் இல்லை. யாருக்கு, எந்த நேரத்தில் என்பதைச் சேர்க்காவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. உங்கள் வீட்டில் நான்கு பேர், நான்கு விதமான நாள். அதில் யாருடைய நாளை முன்னால் வைத்து முடிவெடுப்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன். நான் நகரத் திட்டமிடல் படித்தவன். வீடு வீடாகப் போய் யார் எங்கே, எப்போது, எதில் போகிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யும் பயண ஆய்வுகளில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று உண்டு. பகுதியைத் தேர்ந்தெடுத்தவர் பெரும்பாலும் அங்கே மிகக் குறைந்த நேரம் இருப்பவர். காலையில் போய் இரவில் வருபவர் அவர். நாள் முழுக்க அங்கேயே இருக்கும் பெரியவரிடமோ, மாலை முழுக்க அந்தத் தெருவில் வளரும் பிள்ளையிடமோ யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பகுதியை விட்டு வெளியே போகும் வசதி யாருக்கு மிகக் குறைவோ, அவருக்கு அது சரிப்பட்டால் மற்றவர்களுக்கும் பெரும்பாலும் சரிப்படும். உங்கள் வீட்டில் அது அப்பா, அடுத்து மகள், அப்புறம் மனைவி. நீங்கள் கடைசி. கீழே நான் சொல்வதை எல்லாம் இந்த வரிசையை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஆனாலும் உங்கள் பயண நேரத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஒரு வழிக்கு 50 நிமிடம் கூடுதல், போக வர 100 நிமிடம். வருடத்துக்கு 240 வேலை நாள் என்று வைத்தால் 400 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர வேலை நாட்களாக 50 நாள். பெரிய வீட்டின் கூடுதல் அறைகளுக்கு வாடகை ஒன்றுதான் என்று சொல்கிறீர்கள். உண்மையில் அந்த 50 நாளும் அதற்கான வாடகைதான். நகரங்கள் எவ்வளவு வேறுபட்டாலும் மக்கள் சராசரியாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தைப் பயணத்தில் செலவிடுகிறார்கள் என்று போக்குவரத்துத் துறையில் ஒரு பழைய கருத்து உண்டு. யாகோவ் ஜஹாவி என்ற ஆய்வாளர் 1970களில் முன்வைத்ததை செசாரே மார்க்கெட்டி என்ற இன்னொருவர் 1994ல் விரிவாக எழுதினார். அது சராசரி மட்டுமே, தனிமனிதருக்கான விதி இல்லை. இருந்தாலும் விளிம்பு வீட்டிலிருந்து போக வர ஆகும் இரண்டரை மணி நேரம் என்பது அதைப்போல இரண்டரை மடங்கு.

நீண்ட பயணம் மனிதருக்குப் பிடிக்காத ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்கள் முந்தைய நாளை மணிமணியாக நினைவுகூர்ந்து ஒவ்வொரு வேலையின்போதும் மனநிலை எப்படி இருந்தது என்று குறித்தார்கள். வேலைக்குப் போய் வரும் நேரம் பட்டியலின் அடிமட்டத்தில் இருந்தது. ஆனால் அது மொத்த வாழ்க்கைத் திருப்தியைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஜெர்மனியின் தரவை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் புருனோ ஃப்ரேயும் அலோயிஸ் ஸ்டட்சரும் 2008ல் "ஆம், நீண்ட பயணம் செய்பவர்கள் திருப்தி குறைந்தவர்கள், மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அதை ஈடுகட்டவில்லை" என்றார்கள். பிரிட்டன் தரவை வைத்து 2014ல் வந்த ஓர் ஆய்வு அப்படியொரு தொடர்பைக் காணவில்லை. ஆகவே "தூரமாகப் போனால் நிச்சயம் வருத்தப்படுவீர்கள்" என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, மனிதர்களை அதிகம் வாட்டுவது பயணத்தின் நீளத்தைவிட அதன் நிச்சயமின்மை. தினமும் சரியாக 60 நிமிடம் என்றால் உடம்பும் மனமும் ஓரளவு பழகிக்கொள்ளும். இன்றைக்கு 55, நாளைக்கு 110 என்றால் பழகவே முடியாது. 110க்குத் தயாராகத்தான் தினமும் கிளம்ப வேண்டியிருக்கும். வரைபடச் செயலி காட்டும் ஒரே ஒரு எண்ணை நம்பாதீர்கள். நீங்கள் உண்மையில் கிளம்பப்போகும் நேரத்தைக் கொடுத்து அது காட்டும் குறைந்த நிமிடத்தையும் அதிக நிமிடத்தையும் பாருங்கள், அதிகத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். பொதுப் போக்குவரத்தில் காத்திருப்பு தனிக் கணக்கு. ஒரு நிமிடக் காத்திருப்பு, வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்குச் சமமான சலிப்பைத் தருவதாக எடுத்துக்கொள்வது எங்கள் துறையில் வழக்கம். 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்று அட்டவணை சொன்னால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். ஆனால் நெரிசலில் இரண்டு பேருந்துகள் சேர்ந்தாற்போல் வந்து, அப்புறம் 20 நிமிடம் எதுவுமே வராவிட்டால், ஓடும் பேருந்துகளின் எண்ணிக்கை மாறாமலே சராசரி 10 நிமிடமாகிவிடும். அதனால் அட்டவணையைப் படிப்பதோடு நிற்காமல், ஒரு காலை நேரம் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். ஒரே வண்டியில் நேராகப் போகும் 45 நிமிடம், இரண்டு முறை மாறிப் போகும் 35 நிமிடத்தைவிட எளிது. இதனால்தான் உங்களுக்கு இரண்டே வழிதான் என்று நினைக்க வேண்டாம் என்கிறேன். அலுவலகத்துக்கு மாறாமல் போகும் ரயில் அல்லது மெட்ரோ பாதையில், இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலையங்களைச் சுற்றியும் தேடுங்கள். வீட்டுத் தரகர்கள் இதைத் தாங்களாகச் சொல்வது அபூர்வம். அவர்கள் பகுதிப் பெயரை வைத்துத்தான் யோசிப்பார்கள்.

பணக் கணக்கிலும் வாடகையை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். சிகாகோவில் இயங்கும் சிஎன்டி என்ற ஆய்வு அமைப்பு பல வருடமாகச் சொல்லிவருவது, வீட்டுச் செலவு வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் என்ற பழைய விதி போதாது, வீடும் போக்குவரத்தும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது. 45 என்ற எண் உங்கள் நகரத்துக்கு அப்படியே பொருந்த வேண்டிய அவசியமில்லை, ஆனால் இரண்டையும் கூட்டிப் பார்க்கும் முறை எங்கேயும் செல்லும். விளிம்பில் குடியேறும் குடும்பங்கள் வெகு சீக்கிரம் இரண்டாவது வண்டி வாங்குகின்றன. அந்தச் செலவு முதல் மாதம் தெரியாது.

இனி அப்பாவிடம் வருகிறேன், இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் 5 நிமிடத்தில் 400 மீட்டர் நடப்பார். நகரத் திட்டங்களில் "நடக்கும் தூரம்" என்று வட்டம் போடுவது பெரும்பாலும் இந்த அளவை வைத்து, அதுவும் நேர்கோட்டில். மனிதர்கள் நேர்கோட்டில் நடப்பதில்லை. பூங்கா 300 மீட்டரில் இருக்கலாம். நடுவில் ரயில் பாதையோ, பெரிய குடியிருப்பின் சுற்றுச்சுவரோ, தடுப்பு போட்ட நெடுஞ்சாலையோ இருந்தால் அது ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகிவிடும். சாலை கடப்பதையும் கவனியுங்கள். பல இடங்களில் நடப்பவர்களுக்கான சிக்னல் விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தை எதிர்பார்த்து அமைக்கப்படுகிறது. 18 மீட்டர் அகலச் சாலையை அந்த வேகத்தில் 15 விநாடியில் கடந்துவிடலாம். விநாடிக்கு 0.9 மீட்டர் நடக்கும் ஒரு பெரியவருக்கு 20 விநாடி வேண்டும், அந்த 5 விநாடி அவர் நடுச்சாலையில் நிற்பார். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தபின் அவர் சாலைக்கு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிடுவார், யாரிடமும் சொல்லவும் மாட்டார். பயண ஆய்வில் பெரியவர்களிடம் "நேற்று எங்கே போனீர்கள்" என்று கேட்கும்போது வரும் "எங்கேயும் போகவில்லை" என்ற பதிலுக்குப் பின்னால் இப்படி ஒரு சாலையோ, உடைந்த நடைபாதையோ, லிஃப்ட் இல்லாத மாடியோ இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனவே இரண்டு வீடுகளின் வாசலிலிருந்தும் அப்பாவோடு, அவர் வேகத்தில், 10 நிமிடம் நடந்து பாருங்கள். வரைபடத்தை மூடிவிடுங்கள். அந்த 10 நிமிடத்துக்குள் மருந்துக் கடை, அன்றாடச் சாமான் வாங்கும் கடை, மருத்துவர், உட்கார ஒரு நிழலான இடம் இவை வருகின்றனவா? நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, அல்லது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏறி இறங்க வேண்டுமா? அந்த வயதுக்காரர்கள் வேறு யாராவது தெருவில் தென்படுகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன். மாலை ஐந்தரை மணிக்கு ஒரு தெருவில் தனியாக நடக்கும் பெரியவர்களும் துணையில்லாமல் விளையாடும் பிள்ளைகளும் இருந்தால், அந்தத் தெருவைப் பற்றி எந்த இணைய மதிப்பெண்ணும் தராத தகவல் அது. மரங்களைப் பொறுத்தவரை 2021ல் நகர வனவியல் துறையில் முன்வைக்கப்பட்ட 3-30-300 என்ற அளவுகோல் நினைவில் வைக்க எளிது: வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம், பகுதியின் பரப்பில் 30 சதவீதம் மரநிழல், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா. இந்த எண்களை இரண்டு இடங்களை ஒப்பிடும் வசதிக்கான கைக்கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் அதிகமுள்ள ஊர் என்றால் நிழலுக்கு இன்னும் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். நிழல் இல்லாத தெருவில் பகல் பொழுது முழுக்கப் பெரியவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடக்க நேரும்.

பாதுகாப்பைப் பற்றித்தான் மிக அதிகமாகக் கதை கேட்பீர்கள், நம்பத்தகுந்த தகவல் மிகக் குறைவாகக் கிடைக்கும். ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: குற்றம் பகுதி முழுக்கப் பரவலாக நடப்பதில்லை. குற்றவியல் அறிஞர் டேவிட் வைஸ்பர்ட் 2015ல் பல நகரங்களை ஒப்பிட்டுக் காட்டியபடி, ஒரு பெரிய நகரத்தின் குற்றங்களில் பாதி, அதன் தெருத்துண்டுகளில் (இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட தெரு) ஏறக்குறைய 5 சதவீதத்தில் மட்டும் நடக்கிறது. அதாவது "மோசமான ஏரியா" என்று பெயர் வாங்கிய இடத்திலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியானவை. "நல்ல ஏரியா"விலும் தவிர்க்க வேண்டிய ஒரு மூலை இருக்கலாம். பகுதிவாரியான குற்ற விகிதத்தைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைத்தெருவும் ரயில் நிலையமும் உள்ள பகுதியில் குடியிருப்பவர்கள் குறைவு, வந்துபோகிறவர்கள் ஏராளம். குற்ற எண்ணிக்கையைக் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்தப் பகுதி உண்மையைவிட ஆபத்தானதாகத் தெரியும். அதோடு, பதிவான குற்றம் வேறு, நடந்த குற்றம் வேறு. புகார் கொடுக்கத் தயங்காத பகுதியில் எண்ணிக்கை கூடவே தெரியும். ஆகவே பகுதியின் பெயரை விட்டுவிட்டு உங்கள் தெருவை, நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல் வரையான பாதையை, இருட்டிய பிறகு ஒருமுறை உங்கள் மனைவியோடு நடந்து பாருங்கள். அவருக்கு அந்தப் பாதையில் தோன்றும் தயக்கத்தைத் தகவலாகவே எடுத்துக்கொள்ளுங்கள், சமாதானம் சொல்லிக் கடந்துவிடாதீர்கள்.

மனைவி வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் சத்தம் அவருடைய பணியிடப் பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018ல் வெளியிட்ட வழிகாட்டியில், சாலைச் சத்தம் நாள் முழுவதற்குமான சராசரியில் 53 டெசிபலுக்குக் கீழும் இரவில் 45க்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது. பெரிய சாலையைப் பார்த்த எந்த வீட்டுக்கும் இது எட்டாத இலக்கு. நடைமுறையில் நான் பார்ப்பது படுக்கையறையும் வேலை அறையும் சாலைக்கு மறுபக்கம் இருக்கின்றனவா என்பது. ஒரே கட்டடத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு வேறு பகுதிகள் போல இருக்கும். காற்றுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். நுண்துகள் அளவு நகரம் முழுக்க ஓரளவு ஒன்றாகவே இருக்கும், ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வேறுபாடு இருக்காது. ஆனால் வண்டிப் புகையின் கரியும் நைட்ரஜன் டை ஆக்சைடும் தெருவுக்குத் தெரு மாறும். அமெரிக்காவின் சுகாதார விளைவுகள் ஆய்வு நிறுவனம் 2010ல் தொகுத்த அறிக்கை, பெரிய சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரை அதன் பாதிப்பு அதிகம் என்று கணித்தது. குழந்தையும் பெரியவரும் உள்ள வீட்டுக்கு, மேம்பாலத்தை ஒட்டிய பளபளப்பான கட்டடத்தைவிட இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கும் பழைய கட்டடத்தை நான் பரிந்துரைப்பேன்.

வெள்ளம் பற்றி யாரும் தாங்களாக வாய் திறக்க மாட்டார்கள். "நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்றால் இனி நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள், ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு. ஐந்து வருடம் வாடகைக்கு இருந்தால் 5 சதவீதம், முப்பது வருடம் சொந்த வீட்டில் இருந்தால் 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்றுக்கு மேல். பழைய மழை அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு இது. காலநிலை மாறும்போது, நிலமெல்லாம் கான்கிரீட்டாகும்போது, வாய்ப்பு இதைவிடக் கூடலாம், எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். நகர விளிம்பில் புதிதாக எழுந்த குடியிருப்புகளை இந்த விஷயத்தில் கூடுதல் கவனத்தோடு பாருங்கள், ஏனென்றால் மேடான நிலத்தில் முதலிலேயே வீடு கட்டி முடித்துவிடுவார்கள். மிச்சமிருந்து மலிவாகக் கிடைத்தது பெரும்பாலும் தாழ்ந்த நிலம். அடையாளங்கள் தெருவிலேயே இருக்கும்: சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை, பழைய வீடுகளின் வாசற்படி மட்டும் புதிதாக உயர்த்திக் கட்டப்பட்டிருப்பது, தரைத்தளத்தில் மின் மீட்டர்கள் ஆள் உயரத்துக்கு மேலே மாட்டப்பட்டிருப்பது. ஒரு கனமழைக்கு மறுநாள் போய்ப் பார்க்க முடிந்தால் நல்லது. தண்ணீர் வரத்து, மின்வெட்டு, இணைய இணைப்பு மூன்றையும் அதே கட்டடத்தில் குடியிருக்கும் ஒருவரிடமே கேளுங்கள், உரிமையாளரிடம் வேண்டாம்.

மகளுக்கு வருகிறேன். வளரும் பகுதி ஒரு குழந்தையின் எதிர்காலத்தை மாற்றுமா என்பதற்கு மிக வலுவான சான்று அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களோடு நடந்த ஒரு பரிசோதனை. குலுக்கல் முறையில் சில குடும்பங்களுக்கு மட்டும் வறுமை குறைந்த பகுதிக்கு மாற வாடகை உதவி கிடைத்தது. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய இணை ஆய்வாளர்களும் 2016ல் வெளியிட்ட முடிவின்படி, 13 வயதுக்கு முன் இடம் மாறிய குழந்தைகள் இருபதுகளின் நடுவில் ஏறக்குறைய 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அதற்குப் பின் மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. லேசான பாதிப்புகூடத் தென்பட்டது. மிக ஏழ்மையான குடியிருப்பிலிருந்து வெளியேறியவர்களைப் பற்றிய முடிவு அது. சுமாரான பகுதிக்கும் கொஞ்சம் மேலான பகுதிக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் உங்களுக்கு அந்த 31 சதவீதத்தைப் பொருத்திப் பார்ப்பது தவறு. உங்களுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: இந்த வயதில் ஓர் இடத்தில் தொடர்ந்து இருப்பதற்கு மதிப்பு அதிகம், பதின்ம வயதில் இடம் மாற்றுவது கடினம். ஆகவே பள்ளியைச் சுற்றி வீட்டைத் தேடுங்கள், பள்ளியை மாற்றாமல் வீட்டை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி. பெயர்பெற்ற பள்ளிக்காகத் தினமும் ஒன்றரை மணி நேரம் வாகனத்தில் போகும் பிள்ளைகளைவிட, நடந்து போகும் தூரத்தில் ஒரு சுமாரான நல்ல பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை நான் அதிர்ஷ்டசாலிகளாக நினைக்கிறேன். இது என் அபிப்பிராயம் மட்டுமே. எல்லாருக்கும் பொருந்தும் என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

அக்கம்பக்கம் எப்படி அமையும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மணமான மாணவர்களுக்கான குடியிருப்பை ஆராய்ந்து உளவியல் அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கரும் மற்றவர்களும் 1950ல் வெளியிட்டது, நட்பை மிக வலுவாகத் தீர்மானித்தது அடுத்தடுத்த கதவுகளும் பொதுவான படிக்கட்டும்தான் என்று. இப்போதும் அது பெரும்பாலும் உண்மை. பொது முற்றமோ, உட்காரும் திண்ணையோ, எல்லாரும் கடந்துபோகும் ஒரு வழியோ உள்ள கட்டடத்தில் உங்கள் அப்பாவுக்கு ஒரு மாதத்தில் பேச்சுத்துணை கிடைத்துவிடும். லிஃப்டிலிருந்து நேராக வாகன நிறுத்தத்துக்குப் போகும் கட்டடத்தில் ஒரு வருடமானாலும் கிடைக்காமல் போகலாம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெயர், மொழி, மதம், பின்னணி பார்த்து வீடு மறுக்கும் உரிமையாளர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அப்படி ஓர் இடத்தில் சுற்றி வளைத்துப் பேசினால், வற்புறுத்தி நுழைவதா வேறு இடம் பார்ப்பதா என்பது உங்கள் முடிவு. நாள் முழுக்க அங்கே இருக்கப்போகிறவர்களின் பக்கமிருந்து அதை யோசியுங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது மனம் ஒரு வேலை செய்யும். டேவிட் ஷ்கேடும் முன்பு சொன்ன கானமனும் 1998ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாழ்பவர்கள் அதிக மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று அங்குள்ள மாணவர்களும் நினைத்தார்கள், நாட்டின் மத்தியப் பகுதியில் உள்ள மாணவர்களும் நினைத்தார்கள். கேட்டுப் பார்த்தால் இரு தரப்பின் வாழ்க்கைத் திருப்தியும் ஒரே அளவில்தான் இருந்தது. இடத்தை ஒப்பிடும்போது கண்ணில் படும் வேறுபாடு மட்டும் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் விஷயத்தில் அது வீட்டின் பரப்பளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு வீடுகளையும் பார்த்தால் பெரிய வீடு நிச்சயம் ஜெயிக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் நெரிசலும் இல்லை, இருட்டும் இல்லை. அதனால் ஒரு வேலை நாளில், காலை நீங்கள் கிளம்பும் நேரத்துக்கு அந்த வாசலில் நின்று, அலுவலகம் வரை உண்மையாகவே போய், மாலை அதே வழியில் திரும்பி வாருங்கள். இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை தெருவில் நடந்து பாருங்கள். முடிந்தால் இரண்டு பகுதியிலும் சில இரவுகள் தங்கிப் பாருங்கள். இடம் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அந்தத் தங்கும் செலவு சிறியது.

விசாரிக்கும்போது "ஏரியா எப்படி" என்று கேட்காதீர்கள். அதற்கு வருவது அபிப்பிராயம், அதுவும் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு முந்தைய பெயர். நடந்ததைக் கேளுங்கள். போன மழையில் தண்ணீர் எதுவரை வந்தது? இதற்கு முன் இந்த வீட்டில் இருந்தவர்கள் எத்தனை நாள் இருந்தார்கள், ஏன் போனார்கள்? கடைசியாக மின்சாரம் எப்போது நின்றது, எவ்வளவு நேரம்? ராத்திரி காய்ச்சல் வந்தால் எங்கே கூட்டிக்கொண்டு போவீர்கள்? மருந்துக் கடைக்காரர், காவலாளி, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோர் இவர்களுக்கு உங்களிடம் எதையும் விற்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேட்டு ஒரே பதில் வந்தால் அதை நம்பலாம்.

"இன்னும் மூன்று வருடத்தில் இங்கே மெட்ரோ வந்துவிடும்" என்று விளிம்புப் பகுதியில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். வரலாம். பெரிய போக்குவரத்துத் திட்டங்கள் தாமதமாவது உலகம் முழுக்க வழக்கம். வண்டி ஓடத் தொடங்கும் நாள் வரை அதைப் பூஜ்யமாக எண்ணுங்கள். கட்டுமானம் நடக்கும் வருடங்களின் தூசியையும் சுற்றுப்பாதையையும் கழித்துக்கொள்ளுங்கள். அதே சமயம் நகரத்தின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு இருந்தால், அந்த வீட்டை ஒட்டிய காலி மனை எதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இன்றைய பசுமையான காட்சி நாளைய கிடங்காக இருக்கலாம்.

இனி உங்கள் இரண்டு வீடுகளுக்கு. பயணக் கணக்கு அருகில் உள்ள வீட்டின் பக்கம் சாய்கிறது, ஆனால் பெரிய வீட்டை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட மாட்டேன். மனைவிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்க ஓர் அறை என்பது நிஜமான தேவை, அப்பாவுக்குத் தனி அறையும் அப்படியே. நான் முதலில் சொன்ன வரிசைப்படி பார்த்தால், வீட்டுக்குள் நாளெல்லாம் இருப்பவர்களுக்கு அந்த இடம் லாபம்தான். ஆகவே தீர்ப்பு வாசலுக்கு வெளியே இருக்கிறது. விளிம்பில் அப்பா தானாக நடந்து போக நாலு இடமும், மகள் நடந்து போகும் பள்ளியும் இருந்து, நீங்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் போனால் போதும் என்றால், பெரிய வீட்டுக்கே போங்கள். 400 மணி நேரமும் பாதியாகிவிடும். அங்கே எதற்கும் வண்டி எடுக்க வேண்டும், தினமும் அலுவலகமும் போக வேண்டும் என்றால், கூடுதல் அறைகளில் மூன்று பேர் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். அப்போது சிறிய வீடு, அல்லது நடுவில் உள்ள அந்த மூன்றாவது இடம்.

வாங்குவது பற்றி: இப்போது வேண்டாம். ஒரு நகரத்தின் எல்லாப் பருவத்தையும் ஒருமுறை பார்க்காமல், வேலை நிலைக்குமா என்று தெரியாமல் வாங்குவது, திரும்பப் பெற முடியாத முடிவை மிகக் குறைந்த தகவலோடு எடுப்பது. பதிவு, கடன், தரகு என்று வாங்கவும் விற்கவும் ஆகும் செலவை மீட்கவே சில வருடம் பிடிக்கும், அதற்குள் இடம் மாற வேண்டி வந்தால் நஷ்டம். விலை ஏறிவிடுமே என்ற பயத்தைப் பொறுத்தவரை, ஒரு குறிப்பிட்ட பகுதியின் விலை எந்தப் பக்கம் போகும் என்று உறுதியாகச் சொல்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். ஒரு வருடமாவது வாடகைக்கு இருங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் முன்கூட்டியே காலி செய்தால் எவ்வளவு இழப்பு என்ற வரியைப் படித்துவிடுங்கள். அலுவலக நேரம், வாரத்தில் எத்தனை நாள் போக வேண்டும், மகளுக்கு நீங்கள் பார்த்துவைத்த பள்ளி எந்த வீட்டுக்கு அருகில் என்ற மூன்றையும் எழுதினால் மீதிக் கணக்கையும் போட்டுத் தருகிறேன்.